இடது கண்ணை மூடிக்கொண்டு

செப்டம்பர் 4, வியாழன்

ஜமால் பாய் கடையில் ஃபிரேமைக் கோணலாக அடித்து வைத்திருக்கிறார்கள். மேல்சட்டம் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. கடையிலேயே ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அவர் மூலைமட்டத்தை எடுத்து வைத்து, "நேராத்தானேம்மா இருக்கு, நீங்களே பாருங்க" என்றார். அந்த மூலைமட்டமே தேய்ந்துபோயிருக்கும். வாக்குவாதம் பண்ணத் தெம்பில்லாமல் வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் மாட்டியபின் நேராகத்தான் தெரிகிறது. மாட்டும்போது என் வீட்டுக்காரர் ஏதாவது தட்டிச் சரிசெய்திருப்பார்.

மாட்டியது அருள்ராஜன் முதல் படத்தில் குதிரைமேல் வரும் ஸ்டில். நல்ல அச்சு, சேலத்தில் ஒருவரிடம் மூன்று மாதம் நச்சரித்து வாங்கினேன். கூடத்தில் இப்போது அவருடைய அச்சுப் படங்கள் ஒரு சுவர், நான் பென்சிலில் வரைந்தவை இன்னொரு சுவர். எங்கள் கல்யாணப் போட்டோ பீரோவுக்குள் இருக்கிறது. "வீட்டுக்கு வர்றவய்ங்க எல்லாம் என்னையத்தான் வாடகைக்கு இருக்கேன்னு நினைக்கிறாய்ங்க" என்றார் இவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

நல்ல செய்தி: ரசிகர் மன்றத்திலிருந்து கோவிந்தராஜு பேசினார். நவம்பர் 21 அருள்ராஜனின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள். மதுரையில் விழா, அவரே வருகிறார். வரைகிறவர்கள் சிலரை மட்டும் மேடைக்கு அழைத்து, படத்தை அவர் கையில் கொடுக்கச் சொல்லி, அதிலேயே கையெழுத்தும் வாங்கித் தருவார்களாம். அதில் நானும் உண்டு. பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கியே காலம் போனது. இந்த ஒரு கையெழுத்து எனக்காக.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று ஆரம்பித்தேன். முழுத் தாள், முகம் மட்டும். பிரிண்ட் போட்ட படத்தைச் சுவரில் ஒட்டி, அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். மேஜையில் இருக்கும் தாளில் அதே கட்டங்கள், பெரிதாக. கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, மூக்கிலிருந்து கண் எவ்வளவு தூரம் என்று சுவரில் அளப்பது. அப்புறம் குனிந்து தாளில் வைப்பது. எட்டாம் வகுப்பில் டிராயிங் டீச்சர் கற்றுக்கொடுத்தது: இரண்டு கண்ணாலும் பார்த்தால் அளவு ஏமாற்றும், ஒரு கண்ணால் பார். அன்றிலிருந்து இப்படித்தான்.

அருள்ராஜன் முகத்தில் உயிர் இருப்பது வலது புருவத்தில்தான். சின்ன வயசில் பட்ட அடியால் அங்கே ஒரு வெட்டு, முடி முளைக்காத ஒரு கோடு. அதை விட்டுவிட்டு வரைந்தால் அது வேறு யாரோ. அதைக் கடைசியில் வைப்பேன்.

மதியம் கத்தரிக்காய் அடிப்பிடித்துவிட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஸ்கேல் வளைந்திருக்கிறது. போட்ட கோடு எல்லாம் நடுவில் தொய்கிறது, துணி காயப்போடும் கொடி மாதிரி. புதிது வாங்கி வந்தேன், ஸ்டீல். இதுவும் அப்படித்தான். இப்போது எதிலும் தரம் கிடையாது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பென்சில்களுக்கும் ரப்பருக்கும் பொட்டு வைத்தேன். இவர் தன் பழைய விசிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டு ஸ்கேலையும் வைக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

பாதி முடிந்ததை மன்றத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். கைகூப்பல், பூங்கொத்து, "சூப்பர் அக்கா". தூத்துக்குடி ஃபெலிக்ஸ் மட்டும், "அக்கா, ஒரு கண்ணு கொஞ்சம் கீழ எறங்கின மாதிரி இருக்கு, தப்பா நினைக்காதீங்க" என்று எழுதினான். நேற்றுப் பென்சில் பிடித்தவன். தப்பாக நினைக்காமல் பிளாக் பண்ணிவிட்டேன்.

சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தேன். கீழே இறங்கித்தான் இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

கண்ணை அழித்து மறுபடி வரைந்தேன். மூன்றாவது தடவை. தாள் தேய்ந்து மொரமொரவென்று ஆகிவிட்டது. அளந்துதானே வைக்கிறேன். அளவு எப்படித் தப்பும்?

அதைவிட, சுவரில் ஒட்டிய பிரிண்டில் புருவ வெட்டையே காணோம். அந்த இடத்தில் மட்டும் மை மங்கி ஒரு சாம்பல் திட்டு. ஈரத்துணியால் துடைத்தீர்களா என்று இவரிடம் கேட்டேன்.

"நான் எதுக்கு அந்தாளு மூஞ்சியத் தொடைக்கப் போறேன்?"

"அப்ப கொசுவத்திப் புகைதான். அது பக்கத்துலயே வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கொசுவத்தி வாங்கி ஒரு மாசமாச்சு."

அதற்குமேல் நான் பேசியதை எழுதவில்லை. உங்களுக்கு என் கையில் ஒரு திறமை இருப்பதே பிடிக்கவில்லை என்பதுவரை போனது. அவர் வாசலுக்குப் போய் பைக்கைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பெங்களூரிலிருந்து நிவேதிதா வந்திருக்கிறாள். படத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்கும்மா" என்றாள். என் மகள் எதையும் உடனே நல்லா இருக்கு என்று சொல்கிறவள் இல்லை. அப்புறம் அப்பாவும் மகளும் அடுப்படியில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் அதிரசம் எப்படி வந்திருக்கிறது என்று பேசினார்கள். அதிரசம் கடையில் வாங்கியது.

கை போய்விட்டது என்று இவர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அந்த பயம் இருக்கிறது. இருக்கிறது என்று இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஐந்தாவது தாள். காலையில் அளந்துகொண்டிருந்தேன். இவர் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. ஊசியில நூலு கோக்குற. அரிசியில கல்லு பொறுக்குற. பஸ்ஸு நம்பர எனக்கு முந்தி நீ சொல்லுற. வரையும்போது மட்டும் எல்லாம் கோணுதே, அது எப்படி?"

"எப்படி?"

"வரையும்போது மட்டுந்தான் நீ கண்ண மூடுற. எப்பப் பாத்தாலும் இடது கண்ணைத்தான் மூடுற. மாத்தி மூடிப் பாரேன்."

மாற்றி மூடினேன். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் பார்த்தேன். கட்டங்கள் எல்லாம் நேராக இருந்தன. புருவ வெட்டு அங்கேயே, அச்சில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

பழையபடி மூடினேன். கோடுகள் வளைந்து நடுவில் கலங்கின. வெட்டு இல்லை, புருவம் இல்லை, சாம்பல் திட்டு.

இவர் பக்கம் திரும்பவில்லை. காபி போடப் போனேன். பால் பொங்கி வழிகிறவரை அடுப்பின் முன்னாலேயே நின்றிருக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

மதுரையில் கண் ஆஸ்பத்திரி. காலையில் போய் மாலைவரை. சொட்டு மருந்து விட்டுவிட்டு, ஒரு அட்டையைக் கொடுத்து இடது கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார்கள். அட்டை முழுக்கக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாள் முழுக்கக் கட்டம் போட்டவளிடம் கட்டத்தைக் காட்டுகிறார்கள்.

"கோடு எல்லாம் நேரா இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். நிவேதிதா வயதுதான் இருக்கும்.

"உங்க அட்டையே தப்பா அச்சாயிருக்கு டாக்டர்" என்றேன். இவர் என் தோளில் கை வைத்தார்.

விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறதாம். சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணில் ஊசி போடுவார்கள். மாதம் ஒன்றாகச் சில ஊசிகள். கசிவு நின்றால் கோடு ஓரளவு நிமிரலாம். "தள்ளிப் போடாதீங்கம்மா. அந்த இடத்துல தழும்பு விழுந்துட்டா அப்புறம் எதுவும் செய்ய முடியாது. இது எப்ப ஆரம்பிச்சுச்சு?" என்றார்.

ஃபிரேம், ஸ்கேல், பிரிண்ட் எல்லாம் ஞாபகம் வந்தது. "இப்பத்தான்" என்றேன்.

அடுத்த வெள்ளி என்றால் இருபத்தொன்று. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

நவம்பர் 17, திங்கள்

வலது கண்ணை மூடிக்கொண்டு புதுத் தாளில் வரைகிறேன். பழக்கதோஷத்தில் இடது கண்ணைத்தான் மூடப் போகிறேன். அதனால் மூக்குக்கண்ணாடியின் வலது பக்கத்தில் பஞ்சை வைத்து ஒட்டிக்கொண்டேன். இவர் பார்த்துவிட்டு, "கடல்கொள்ளைக்காரி" என்றார்.

அளவு வருகிறது. வைத்த இடத்தில் வைத்தபடி வருகிறது. என் கை போகவில்லை. சமையல் பண்ணும்போது வாய்விட்டுப் பாடினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரித் தேதி மாறிவிட்டது. டிசம்பர் 5.

"அவங்களா போன் பண்ணாங்க?" என்று இவர் கேட்டார்.

"ஆமா. அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தியாம்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு படத்தைப் பார்த்து, "இந்தத் தடவை ஆளு அப்படியே இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 20, வியாழன்

புருவ வெட்டை வைத்துவிட்டேன். இவ்வளவு நன்றாக நான் இதுவரை வரைந்ததில்லை.

நவம்பர் 22, சனி

நேற்று எழுத முடியவில்லை.

படத்தைச் செய்தித்தாளில் சுற்றி இவர்தான் தூக்கி வந்தார். பஸ்ஸில் இரண்டு சீட் பிடித்து ஜன்னலோரம் படத்தை உட்கார வைத்தார். ஏறிய ஒருவர் கேட்டதற்கு, "ஆளு இருக்குங்க, டிக்கெட் எடுத்தாச்சு" என்றார். மண்டபத்தில் மேளம், மாலை, ஆளுயர பேனர். நான் பச்சைப் பட்டு உடுத்தியிருந்தேன்.

அருள்ராஜன் வரவில்லை. உடம்பு சரியில்லையாம். பேசி அனுப்பிய வீடியோவைத் திரையில் போட்டார்கள், சத்தம் வரவில்லை. அவர் வாய் அசைவதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். படங்களை வாங்கிக்கொண்ட கோவிந்தராஜு, "கண்டிப்பா அண்ணன்கிட்ட சேத்துடுவோம் அக்கா" என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

சாப்பிட்டுவிட்டுச் செருப்பைத் தேடும்போது பார்த்தேன். மேடைக்குப் பின்னால் படங்களைச் சுவரைப் பார்க்கச் சாய்த்து, அதன்மேல் மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இவர் உள்ளே போனார். நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்து, என் படத்தை உருவிக்கொண்டு வந்தார். யாரோ என்னவென்று கேட்டார்கள். "இது எங்க வீட்டுது" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. கொடைரோடு தாண்டியதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்குத்தான் ஊசி போட்டிருக்கணும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் இவருடைய நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நான் தேதியை மாற்றச் சொன்னதும், சரிதானா என்று இவரிடம் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கே இவருக்குத் தெரியும்.

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீ பாடிக்கிட்டிருந்த" என்றார்.

டிசம்பர் 5, வெள்ளி

ஊசி போட்டாயிற்று. வலிக்கவில்லை. வலித்திருக்கலாம்.

தழும்பு விழ ஆரம்பித்துவிட்டதாம். இனி ஊசி போட்டால் இதற்குமேல் மோசமாகாமல் பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான். போன தேதிக்கே வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அன்றைக்கே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். நல்ல பெண், திட்டவில்லை.

வெளியே பெஞ்சில் இவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனபோதுதான் அழுகிறார் என்று தெரிந்தது. தன் அம்மா செத்தபோதுகூட அழாத மனிதர்.

"ஒன் கையப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டு வந்திருக்கணும் நான். பாட்டக் கேட்டுக்கிட்டு நின்னேன் பாரு."

தப்பு என்னுடையது. நான்தான் பொய் சொன்னேன், இந்த நோட்டில்கூடப் பொய்யாகத்தான் எழுதினேன். அதை அவரிடம் சொன்னேன். இனிமேல் கண் விஷயத்தில் உங்களிடம் எதையும் மறைக்கமாட்டேன் என்றும் சொன்னேன். "மொதல்ல டீயக் குடி" என்றார்.

ஒரு கண்ணில் வந்தது இன்னொன்றிலும் வரலாமாம். கட்ட அட்டையைக் கையோடு கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு கோடு வளைந்தாலும் அன்றைக்கே ஓடி வர வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

இடது: நேர்.

டிசம்பர் 19, வெள்ளி

இடது: நேர். ஃபெலிக்ஸை மறுபடி சேர்த்துக்கொண்டேன். நீ சொன்னது சரி தம்பி என்று எழுதினேன். பதறிப்போய்ப் போன் பண்ணிவிட்டான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். இடது: நேர். வலது கண்ணால் மட்டும் பார்த்தால் பானை தெரிகிறது, கரும்பு தெரிகிறது. நேராக எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

இடது: நேர். பென்சிலைத் தொட்டே மாதக்கணக்காகிறது. விழாவுக்கு வரைந்த படத்தைச் செய்தித்தாள் பிரிக்காமலே பரண்மேல் போட்டிருக்கிறேன். அருள்ராஜன்மேல் கோபமில்லை. எழுபத்தைந்து வயதில் அவருக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

இடது: நேர். இவர் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கும்போது கை சும்மா இருக்காமல் இடது கண்ணை மூடி அளக்கப் போனேன், பழைய பழக்கம். காது இருந்தது, பனியன் இருந்தது, கழுத்தில் துண்டு இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை.

ரொம்ப பயந்துவிட்டேன். உடனே கண்ணைத் திறந்தேன். அவர் கன்னத்தில் சோப்போடு, "என்ன?" என்றார்.

"சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆடாம உக்காருவீங்களா?"

"எதுக்கு?"

"வரையணும்."

"என்னையவா? நான் எந்தப் படத்துல நடிச்சேன்?" என்றார். ஆனால் நாலு மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இடது: நேர். பிரிண்டைப் பார்த்து வரைவது ஒன்று, எதிரே மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிற ஆளை வரைவது இன்னொன்று. கட்டம் போட முடியாது. அடிக்கடி கண் மாறி மூடிக்கொள்கிறது. அவரே கண்டுபிடித்துவிடுகிறார். "அந்தக் கண்ணு இல்ல, இந்தக் கண்ணு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கையைக் காட்டுகிறார், பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க வைப்பது மாதிரி.

இடது தாடையில் ஒரு சின்னத் தழும்பு. என்னவென்று கேட்டேன். கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் படிக்கட்டில் தொங்கி வந்தவனை உள்ளே இழுக்கும்போது கம்பியில் அடிபட்டதாம். "நீதான் மஞ்சப்பத்து போட்ட" என்றார். எனக்கு நினைவே இல்லை. ஊரான் புருவத்து வெட்டு மட்டும் மனப்பாடம். வெட்கமாக இருந்தது, சொன்னேன். "இப்பத்தான் வரைஞ்சுட்டேல்ல" என்றார்.

மே 17, ஞாயிறு

இடது: நேர். முடி, நெற்றி, மூக்கு, மீசை முடிந்தது. தாடைத் தழும்பும் வைத்தாயிற்று. கண்கள் மட்டும் பாக்கி. அவசரமில்லை, அடுத்த வாரம் போடலாம்.

மே 21, வியாழன்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சொட்டு மருந்து விட்டால் எழுத்து தெரியாது. அதற்குள் முடிக்க வேண்டும்.

காலையில் பால் கவரை எடுக்கும்போது வழக்கம்போல அட்டையைப் பார்த்தேன். புள்ளிக்குக் கீழே ஒரு கோடு லேசாகத் தொய்ந்திருந்தது. ஃபிரிட்ஜ் கதவின் ஈரத்தில் அட்டை ஊறியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. கழற்றி, முந்தானையால் துடைத்து, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண்ணாடியையும் துடைத்துப் பார்த்தேன். இன்று ஒரு நாள் விட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம், கண்களை மட்டும் போட்டுவிட்டால் படம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அட்டையைக் கையில் பிடித்தபடி, "ஏங்க, இங்க வாங்க" என்று கத்தினேன்.

பாதி ஷேவிங்கில் ஓடி வந்தார். என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். பஸ் ஸ்டாண்டில் புறப்பட்டுக்கொண்டிருந்த வண்டியை விசிலடித்தே நிறுத்தினார்.

அன்றைக்கே வந்தது நல்லது என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்றைக்கே ஊசி போடுவார்களாம். எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

பஸ்ஸில் வரும்போது மதுரைவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பக்கம் மழித்தும் ஒரு பக்கம் மழிக்காமலும் இருந்தார். இமை சற்றுச் சரிந்த கண்கள், ஓரத்தில் மூன்று சுருக்கம், இடது கண்ணில் ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி.

"எல்லாரும் பாக்குறாங்க. அப்படி என்னத்தப் பாக்குற?" என்றார்.

"கண்ணு மட்டும் பாக்கி இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் தலையைத் திருப்பவே இல்லை.